சம்பங்கித் தொட்டிகளும் ஒரு ஹயசிந்தும்: திருநகர் வீட்டு நாட்குறிப்பு

2024 ஜூன் 16, ஞாயிறு

நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் செய்யும் பெரியப்பா இருபது சம்பங்கிக் கிழங்குகளைச் சாக்குப் பையில் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். தோண்டி எடுத்த பிறகு ஒரு மாதம் நிழலில் ஆறப்போட்டவை என்பதால், மேல்தோல் காகிதம்போல் உலர்ந்து, கையில் எடுத்தால் கெட்டியாக இருந்தன. அவற்றில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத பருமன் உள்ள பன்னிரண்டை மட்டும் நடுவதற்குப் பொறுக்கினேன். சிறியவை இவ்வாண்டு இலைதான் விடும். பூக்க அடுத்த ஆண்டாகும். எல்லாமே ஒற்றை அடுக்கு வகை. அடுக்குச் சம்பங்கி பூங்கொத்துக்கு அழகு சேர்க்கும் என்றாலும், மணத்தில் ஒற்றைக்கு ஈடாகாது என்பதே என் அனுபவம்.

செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தேன். சம்பங்கியின் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் நூற்புழுவை அது ஓரளவு கட்டுப்படுத்தும். தொட்டிக்கு மூன்று கிழங்குகள், நுனி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நட்டேன்.

ஜூலை 3

ஒன்பது கிழங்குகளில் முளை தெரிகிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

முதல் தண்டு பூத்துவிட்டது. நட்டு தொண்ணூற்றெட்டு நாளாகிறது. மொட்டுகள் இரண்டிரண்டாகத் தண்டைச் சுற்றி ஏறுகின்றன. அடியில் உள்ளவை முதலில் விரிந்து, நுனியில் உள்ளவை இன்னும் பச்சையாகவே நிற்கின்றன. விரியாத மொட்டின் முனையில் விரல் நகத்தின் அடிப்பகுதியைப் போல இலேசான இளஞ்சிவப்பு படர்ந்திருக்கிறது; விரிந்ததும் அது மறைந்து வெண்மை மட்டும் எஞ்சுகிறது. பகலில் முகர்ந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருந்தது. மாலை ஏழு மணிக்கு மேல், திண்ணையில் இருந்த தொட்டியின் மணம் உள் அறை வரைக்கும் வந்தது. இரவில் வரும் அந்துப்பூச்சிகளை அழைக்கவே வெள்ளை நிறமும் இந்த மணமும் வாய்த்திருக்கின்றன.

அக்டோபர் 6

தம்பி டெல்லியிலிருந்து ஹயசிந்த் என்னும் மணமுள்ள பூச்செடியின் கிழங்குகள் மூன்று வாங்கி வந்தான். வைகையில் படரும் ஆகாயத்தாமரைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் ஒட்டியிருப்பதால் பலர் குழம்புகிறார்கள், இரண்டுக்கும் உறவில்லை. துருக்கி, சிரியா பக்கத்தைச் சேர்ந்த இந்தக் கிழங்கு அங்குள்ள குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூந்தண்டு நீளும். மதுரையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? அதனால் காகிதப் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் பன்னிரண்டு வாரம் வைக்கப்போகிறேன். பழுக்கும் பழங்களிலிருந்து வரும் வாயு உள்ளிருக்கும் பூங்கருவைக் கெடுத்துவிடும் என்பதால் ஆப்பிள், வாழைப்பழம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன்.

அத்தை பையைத் திறந்து பார்த்துவிட்டு, "வெங்காயம்னு நெனச்சு நறுக்கிறப் போறேன், மேல எழுதி வையிம்மா" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. ஊதாத் தோல், உருண்டை வடிவம், அப்படியே பெரிய வெங்காயம்தான். ஆனால் தின்றால் நஞ்சு. தொட்டாலே சிலருக்குத் தோல் அரிக்கும். சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

அக்டோபர் 26, சனி

நேற்றுக் கொட்டிய மழையில் திண்ணையை ஒட்டிய ஒரு தொட்டியின் அடித்துளை அடைபட்டுத் தண்ணீர் தேங்கிவிட்டது. அதை மாலையில் கவனிக்காமல் விட்டது என் தவறு. இன்று கிழங்கை அழுத்திப் பார்த்தபோது மெத்தென்று இருந்தது. புளித்த வாடையும் வந்தது. மூன்றையும் எடுத்தெறிந்தேன். "தண்ணி ஊத்துறது பெருசில்ல, நிக்காமப் பாத்துக்கணும்" என்று பெரியப்பா ஜூனிலேயே சொல்லியிருந்தார். மற்றத் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன்.

டிசம்பர் 29

பன்னிரண்டு வாரம் முடிந்தது. ஹயசிந்த் கிழங்குகளைக் கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குவளைகளின் மேல், அடிப்பாகத்துக்கு மயிரிழை கீழே தண்ணீர் நிற்குமாறு அமர்த்தி, வடக்கு அறையில் இருட்டான மூலையில் வைத்தேன்.

2025 ஜனவரி 22

ஒன்று அழுகிவிட்டது. இரண்டு பூத்திருக்கின்றன. ஆனால் தண்டு நீளாமல் இலைகளுக்கு நடுவிலேயே பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு விரிந்திருக்கின்றன. குளிர் போதாமலோ, வெளியே எடுத்ததும் அறை வெப்பமாக இருந்தாலோ இப்படி ஆகும். நம் தை மாதத்து இரவுகூட அதற்கு வெப்பந்தான். மணத்துக்கு மட்டும் குறைவில்லை. சம்பங்கியின் மணம் இருட்டினால்தான் எழும். இது காலையிலேயே அறையை நிறைத்தது. அத்தை இரண்டு முறை வந்து முகர்ந்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 9

ஹயசிந்த் பூக்கள் வாடிவிட்டன. குவளையில் தண்ணீரை மட்டும் குடித்து வளர்ந்த கிழங்குகள் கையில் எடுத்தால் கனமே இல்லை. நம் சித்திரை வெயிலை அவை தாங்கா. கொடைக்கானலில் இருக்கும் நாத்தனாரிடம் பேசினேன்; அடுத்த வாரம் கீழே வரும்போது எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு முற்றத்து மண்ணில் புதைத்து வைப்பதாகச் சொன்னார்.

சம்பங்கியில் ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். முதலில் பூத்ததன் அடிமண்ணை விலக்கிப் பார்த்தேன்: தாய்க்கிழங்கைச் சுற்றி ஆறு பக்கக் கிழங்குகள், இரண்டு சுண்டைக்காய் அளவில், மற்றவை நெல்லிக்காய் அளவில். மண்ணை மூடிவிட்டேன்.