பழைய பலேனோவும் அதன் சர்வீஸ் கணக்கும்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லாரும் நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போகச் சொன்னார்கள். கூட்டித்தான் போனேன். ஆனால் மெக்கானிக் பார்ப்பது வண்டி அன்றைக்கு இருக்கும் நிலையை. ஆறு வருடம் அது எப்படி ஓடியது, எங்கே அடிபட்டது, எந்த மழையில் நின்றது என்பதெல்லாம் காகிதத்தில்தான் கிடைக்கும்.

முதலில் பார்த்தது, பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நின்ற 2017 வேகன்ஆர். மீட்டரில் 46,000 கிலோமீட்டர். "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி சார்" என்றார் புரோக்கர். (விற்பனைக்கு வரும் வண்டிகளில் பாதி டாக்டர் வண்டியாகவே இருப்பது என்ன மாயமோ!) சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டேன். "எல்லாம் கம்பெனி சர்வீஸ்தான் சார்" என்றாரே தவிர, பில் ஒன்றும் வரவில்லை. ஓனரிடம் பேசலாமா என்றால், அவர் துபாயில் இருக்கிறாராம்.

டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1521 என்று இருந்தால் 2021ஆம் ஆண்டின் 15ஆவது வாரம் தயாரானது என்று பொருள். இந்த வண்டியில் நான்கு டயரும் 2021. நான்கும் வழவழவென்று தேய்ந்திருந்தன. வண்டியோடு வந்த டயர்களே சாதாரணமாக 40,000 தாண்டும். மொத்தம் ஓடியதே 46,000 என்றால், இரண்டாவது செட் இப்படித் தேய வழியே இல்லை. பானெட்டைத் தூக்கினால், ஆயில் மாற்றியபோது ஒட்டிய ஸ்டிக்கர் பாதி சுரண்டிய நிலையில் இருந்தது. அடுத்த சர்வீஸ் 92,000 என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "அது வேற வண்டி ஸ்டிக்கர் சார், பசங்க மாத்தி ஒட்டிட்டாங்க" என்றார். ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் சர்வீஸ் சென்டர் கணினியில் ஏறிவிட்ட எண்ணைப் புரோக்கரால் தொட முடியாது. அந்த விவரத்தை வண்டிக்காரர் சம்மதம் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் தரவும் மாட்டார்கள். அதனால் இனி ஓனரே நேரில் விற்கும் வண்டிகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அப்படிக் கிடைத்ததுதான் இந்தப் பலேனோ. பெட்ரோல், டி.என்.22 பதிவு, 2019 செப்டம்பர் தயாரிப்பு, அக்டோபரில் பதிவு. ஓனர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீடு சென்னை வேளச்சேரியில். 5.60 லட்சம் கேட்டார். போவதற்கு முன்பே அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். முதல் ஓனர், இன்சூரன்ஸ் நடப்பில், கடன் எதுவும் நிலுவையில் இல்லை. இ-சலான் தளத்தில் ஹெல்மெட் போடாததற்கு ஒரு அபராதம் இருந்தது. காரில் ஹெல்மெட்டா என்று கேட்டதற்கு அவரே சிரித்துவிட்டார். யாரோ எண்ணைத் தவறாக அடித்திருக்க வேண்டும். அதை அவர் புகார் கொடுத்து நீக்கிக்கொண்டார்.

ஹிஸ்டரி வேண்டும் என்றதும் முகம் சுளிக்கவில்லை. "வாங்க தம்பி, நேர்லயே போயிடலாம்" என்று சர்வீஸ் சென்டருக்கே கூட்டிப் போனார். அவர் கைபேசிக்கு ஓ.டி.பி. வந்தது, அட்வைசர் அச்செடுத்துக் கொடுத்தார். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு பில் என்று வரிவரியாக இருந்தது. இது சுருக்கம்தான். என்ன பாகம் மாற்றினார்கள் என்பது இதில் முழுதாக வராது. சந்தேகப்படும் வரிகளுக்கு மட்டும், அந்த வேலையின் முழு விவரம் உள்ள ஜாப் கார்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் தேதியையும் கிலோமீட்டரையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். 2019 நவம்பரில் 1,050. 2020 மார்ச் முதல் வாரத்தில் 4,700. அடுத்தது அந்த நவம்பரில் 7,900. எட்டு மாதத்தில் 3,200தான் ஓடியிருக்கிறது. ஊரடங்கு நாட்களில் வண்டி வீட்டில்தான் நின்றிருக்கும், ஆகவே இது சரி. அந்த மாதங்களிலும் ஒரே சீராக ஓடியதாகக் கணக்குக் காட்டும் சொந்த உபயோக வண்டியைத்தான் நான் சந்தேகப்படுவேன். 2021 டிசம்பரில் 17,200. 2023 ஜனவரியில் 27,900. அதற்கடுத்து 2024 பிப்ரவரியில் 26,600.

குறைந்திருக்கிறது! அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த வரிக்கான ஜாப் கார்டை எடுக்கச் சொன்னோம். வண்டியை உள்ளே விடும்போது எடுத்த மீட்டர் படத்தில் 36,600 என்று இருந்தது. தட்டச்சு செய்தவர் 3-க்குப் பதில் 2 அடித்துவிட்டார். 2024 நவம்பரில் 44,100 என்று இருந்ததும் இதோடு பொருந்தியது.

ஆனால் அந்த பிப்ரவரி வரி வேறொரு காரணத்துக்காக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அது பாடி ஷாப் வேலை, அதாவது அடிபட்ட வெளிப்பாகங்களைச் சரிசெய்வது. இன்சூரன்ஸ் பாலிசியில், 2025 அக்டோபரில் புதுப்பித்ததில், நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 20 சதவீதம் என்று இருந்தது. கிளெய்மே எடுக்காவிட்டால் இது 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுக்காண்டு ஏறும். கிளெய்ம் எடுத்தால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். 2019 வண்டிக்கு 2025இல் 20தான் என்றால், 2024 புதுப்பிப்பில் அது பூஜ்யமாகியிருக்கிறது. அப்படியானால் கிளெய்ம் எடுத்தது 2023 அக்டோபருக்கும் 2024 அக்டோபருக்கும் இடையில். மிக்ஜாம் புயல் மழை 2023 டிசம்பர் தொடக்கத்தில். வீடு, மழை வந்தால் வெள்ளம் தேங்கும் வேளச்சேரியில். கூட்டிப் பார்த்தால் நல்ல விடை வரவில்லை.

நேராகவே கேட்டேன். "மழை அறிவிப்பு வந்த அன்னைக்கே வண்டியை மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்திட்டேன். 2015 வெள்ளத்துலயே பாடம் படிச்சாச்சு. இது ஒரு வேன்காரன் இடிச்சது" என்றார். நம்பத்தான் தோன்றியது. என்றாலும் ஜாப் கார்டைப் படித்தேன். முன் பம்பர், வலது ஹெட்லைட், வலது ஃபெண்டர், பெயிண்டிங். கார்பெட், சீட், ஒயரிங், ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எதுவும் இல்லை. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பட்டியல் அங்கேதான் தொடங்கும்.

அடுத்த நாள் மெக்கானிக் அண்ணன் வந்து மிச்சத்தைப் பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிமுனையில் சேற்றுக் கறை உண்டா என்று பார்த்தார். சீட் போல்ட்டில் துரு இல்லை. ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இல்லை. கார்பெட்டைத் தூக்கி மோந்தும் பார்த்தார்.

பலேனோவில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரான சில பலேனோ, வேகன்ஆர் வண்டிகளை, எரிபொருள் பம்பு மோட்டாரின் ஒரு பாகத்துக்காக மாருதி 2024 மார்ச்சில் திரும்ப அழைத்தது. இந்த வண்டியின் தயாரிப்பு மாதம் அதற்குள் வருகிறது. ஹிஸ்டரியில் 2024 மே மாதம் அந்த வேலை நடந்ததாகவும், பில் பூஜ்யம் என்றும் இருந்தது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் இலவசமாகவே செய்து தருவார்கள்.

2024 நவம்பருக்குப் பிறகு கம்பெனி பதிவே இல்லை. ஓய்வு பெற்றதும் தெருமுனை மெக்கானிக்கிடம் மாறியிருக்கிறார். பில் கிடையாது. மீட்டர் இப்போது 51,600. யாராவது குறைப்பதென்றால் இந்த இடைவெளியில்தான் குறைக்க முடியும். ஃபாஸ்டேக் கணக்கைக் காட்டச் சொன்னேன். ஊருக்குப் போய்வந்த சில பயணங்கள், அவ்வளவுதான். டயர் நான்கும் 2019ஆம் ஆண்டுடையவையே. அதுவும் மீட்டரோடு ஒத்துப்போனது.

பேரத்துக்கும் அந்த அச்சுத்தாள்தான் கைகொடுத்தது. பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. டயர் நான்கும் மாற்றியே ஆக வேண்டும். இரண்டையும் சொல்லி, 5.30 லட்சத்துக்கு முடிந்தது. வண்டியில் குறை சொல்லி விலை கேட்டால் சண்டைதான் வரும். அவருடைய ஹிஸ்டரியில் இருப்பதையே காட்டியதால் அவருக்கும் வருத்தம் இல்லை.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தேன். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். நோ கிளெய்ம் போனஸ் ஓனரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்த 20 சதவீத வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருந்தது. ஆர்.சி. தபாலில் வந்ததும் சர்வீஸ் சென்டருக்குப் போய் கைபேசி எண்ணை மாற்றிப் பதிந்துகொண்டேன். இல்லாவிட்டால் என் வண்டிக்கான ஓ.டி.பி. எல்லாம் வேளச்சேரிக்கே போய்க்கொண்டிருக்கும்.