அலமாரியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்

நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில், மின் இணைப்புத் துளைகளை மூடி வைக்கிறோம், கத்தியை எட்டாத இடத்தில் வைக்கிறோம், மாடிப்படிக்கு ஒரு தடுப்புக் கதவு போடுகிறோம். படுக்கையறையில் நிற்கும் இழுப்பறை அலமாரியை யாரும் சந்தேகப்படுவதில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்த பொருள், நகர்த்தவே மூச்சு வாங்கும் பொருள், இரண்டு வயதுக் குழந்தையால் சாய்ந்துவிடும் என்று மனம் ஒப்புவதில்லை. சிறு குழந்தைகள் உள்ள உறவினர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பற்றிப் பேசிப் பேசி, இப்போது எழுதிவைத்துவிடுவதே நல்லது என்று தோன்றிவிட்டது.

எடை அதிகம் என்பதால் அலமாரி நிலையாக நிற்கும் என்ற எண்ணம் எங்கே தவறாகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். துணிகளோடு சேர்த்து 40 கிலோ எடையுள்ள ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். எல்லா இழுப்பறைகளும் மூடியிருக்கும்போது அதன் ஈர்ப்பு மையம் முன்கால்களுக்கு 22 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று கொண்டால், அதை நிமிர்ந்து நிற்க வைக்கும் திருப்புவிசையின் அளவு 40 பெருக்கல் 22, அதாவது 880. துணி நிறைந்த ஓர் இழுப்பறை 6 கிலோ இருந்து, அதை 30 சென்டிமீட்டர் வெளியே இழுத்தால், அந்த 880-இல் 180 குறைந்துவிடும். மூன்று இழுப்பறைகளை இழுத்துவிட்டால் மிஞ்சுவது 340 மட்டுமே. இப்போது 12 கிலோ எடையுள்ள குழந்தை, முன்கால்களிலிருந்து 30 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கும் கீழ் இழுப்பறையின் விளிம்பில் ஏறி நின்றால், முன்பக்கம் இழுக்கும் விசை 360 ஆகிறது. அலமாரி சாயத் தொடங்க அதுவே போதும். உண்மையில் குழந்தை மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடலைப் பின்னுக்குச் சாய்த்துத் தொங்கும் என்பதால், விசை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தரையில் கம்பளம் விரித்திருந்து, அதன் ஓரம் அலமாரியின் பின்கால்களுக்கு மட்டும் அடியில் இருந்தாலோ, தரையே சற்று முன்பக்கம் சரிந்திருந்தாலோ, இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

குழந்தை எதற்காக மூன்று இழுப்பறைகளையும் இழுக்கப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. என் அக்காவின் மகள் இதைச் செய்ததை அருகிலிருந்தே பார்த்திருக்கிறேன். அலமாரியின் மேல் ஒரு துணிப் பொம்மை இருந்தது. அவள் முதலில் கீழ் இழுப்பறையை இரு கைகளாலும் இழுத்தாள். அடுத்து அதற்கு மேலுள்ளதைச் சற்றுக் குறைவாக இழுத்தாள். அதன் பிறகு வலது காலைத் தூக்கிக் கீழ் விளிம்பில் வைத்து, கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி நின்று, மூன்றாவதன் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். ஒரு பெரியவர் ஏணியை விரித்து ஏறுவதைப் போலவே, அவ்வளவு ஒழுங்காக அதைச் செய்தாள். அந்த அலமாரி சுவரோடு பிணைக்கப்பட்டிருந்ததால் அசையவில்லை. இழுப்பறைகள் அவள் கண்ணுக்குப் படிகள். ஏறுவது அந்த வயதின் வேலை. அதைக் குறும்பு என்று கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இத்தகைய விபத்துகளைப் பற்றிய பேச்சு வந்தால், "தாய் கவனித்திருக்க வேண்டாமா?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. அந்தக் கேள்வி எனக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தருகிறது. அலமாரி சாய்ந்து விழச் சில நொடிகளே ஆகும். அடுத்த அறையிலிருந்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பல நேரங்களில் இது நடப்பது, குழந்தை தூங்குகிறது என்று வீட்டார் நம்பிக்கொண்டிருக்கும் வேளையில், கதவு சாத்திய படுக்கையறையில். பெரும் சத்தம் கேட்கும் என்றும் எண்ணிவிட முடியாது, ஏனெனில் துணிகளும் மெத்தையும் ஓசையை அடக்கிவிடும். மார்பின்மீது எடை அழுந்தினால் குழந்தையால் மூச்சை உள்ளிழுக்க முடியாது. மூச்சில்லாமல் அழவும் முடியாது. ஆகவே எவ்வளவு விழிப்பான தாயாக இருந்தாலும், கண்காணிப்பை மட்டும் நம்பியிருப்பது அவர் தலையில் நிறைவேற்ற முடியாத ஒரு பொறுப்பைச் சுமத்துவதாகும். அந்தச் சுமையைச் சுவர் தாங்கட்டும்.

தயாரிப்பாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அமெரிக்காவில், அலமாரி சாய்ந்து குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் ஒன்றுகூடிப் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2022 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி 2023 செப்டம்பர் 1 முதல் துணி வைக்கும் அலமாரிகளுக்குக் கட்டாயத் தரநிலை நடைமுறைக்கு வந்தது. இழுப்பறைகளில் எடை ஏற்றி, பலவற்றை ஒருசேரத் திறந்து, கம்பளத் தரையில் நிற்பதையும் கணக்கில் கொண்டு, 60 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறினாலும் சாயாதா என்று சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். காலி அலமாரியைச் சோதிப்பதில் பயனில்லை என்பதை அந்தப் பெற்றோர்கள் ஏற்கச் செய்தது பெரிய காரியம். ஆனாலும் அது புதிதாகத் தயாராகும் துணி அலமாரிகளுக்கு மட்டுமே பொருந்தும். நம் வீடுகளில் ஏற்கெனவே நிற்கும் அலமாரியையோ, புத்தக அடுக்கையோ, தொலைக்காட்சி மேசையையோ எந்தச் சட்டமும் வந்து பிடித்துக்கொள்ளப் போவதில்லை.

பிணைக்கும் வேலை கடினமானதன்று. ஆனால் அரைகுறையாகச் செய்தால் பொய்யான நிம்மதியைத் தரும் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் அலமாரியின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான அலமாரிகளின் முதுகில் இருப்பது மெல்லிய ஹார்டுபோர்டு. அதில் திருகாணி போட்டால் முதல் இழுப்பிலேயே பிய்ந்து வந்துவிடும். மேல்பலகை, பக்கவாட்டுப் பலகை, மரச்சட்டம் ஆகிய தடித்த பாகங்களில்தான் எல் ஆங்கிளை, அதாவது அலமாரியையும் சுவரையும் இணைக்கும் 'L' வடிவ உலோகத் தகட்டை, பொருத்த வேண்டும். அலமாரியின் உயரத்தில் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு இடங்களில் பிணைப்பது நல்லது. செங்கல் அல்லது கான்கிரீட் சுவராக இருந்தால், டிரில்லிங் மெஷினால் துளையிடும்போது முதலில் வெளிவருவது பூச்சின் மென்மையான தூள். அதைத் தாண்டிச் செங்கல்லின் சிவப்புத் தூள் வரும் வரை, கான்கிரீட்டானால் முனை கெட்டியாகத் தடைபடும் ஆழம் வரை, துளை போக வேண்டும். திருகாணியைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டால் பிடிப்பு இருக்காது. துளையிலுள்ள தூளை ஊதி எடுத்த பிறகு பிளக்கைச் செருகினால் அது இறுகப் பிடிக்கும். ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால், பலகைக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தைத் தேடி அதில்தான் திருக வேண்டும். எந்தச் சுவரானாலும், மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ அந்த வழியில் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சுவரோடு பிணைப்பதற்காக அலமாரியோடு சேர்ந்து வரும் பிளாஸ்டிக் பட்டைகள்மீது எனக்கு நம்பிக்கை குறைவு. காலம் செல்லச் செல்லப் பிளாஸ்டிக் இறுகி உடையும் தன்மை பெறும். உலோகப் பட்டைக்கு அந்தக் கவலை இல்லை. முன்கால்களுக்கு அடியில் ஆப்பு வைப்பது துணை ஏற்பாடாக இருக்கலாம், பிணைப்புக்கு மாற்றாகாது. ஒட்டும் நாடா இந்த வேலைக்கே உதவாது.

தொலைக்காட்சிப் பெட்டியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தட்டைத் திரை எடை குறைந்தது என்றாலும், அது குறுகிய அடித்தளத்தில் நிற்பதால் ஓர் இழுப்பில் கவிழும். அதைச் சுவரில் மாட்டிவிடுவதே சிறந்தது. பழைய குழல் தொலைக்காட்சியின் எடையில் பெரும்பகுதி முகப்பின் பக்கம் இருக்கும். அது எந்த உயரமான மேசையிலும் இருக்கக் கூடாது. பயன்பாட்டில் இல்லையென்றால் அதை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் துளையிடத் தயங்குவது புரிகிறது. வீட்டு உரிமையாளரிடம் காரணத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது பட்டி பூசி அடைத்துத் தருவதாகவும் சொல்லுங்கள். அவர் மறுத்தே விட்டால், உயரமான அலமாரியைக் குழந்தை நுழையாத, பூட்டி வைக்கக்கூடிய அறைக்கு மாற்றிவிட்டு, குழந்தையின் துணிகளைத் தாழ்வான பெட்டிகளில் வைத்துக்கொள்ளலாம். கனமான பொருள்களைக் கீழ் அடுக்கில் வைப்பது, பொம்மையையும் ரிமோட்டையும் அலமாரியின் தலையில் வைக்காமலிருப்பது, இழுப்பறைகளுக்குப் பூட்டுக் கொக்கி போடுவது ஆகியவை எந்த வீட்டிலும் இன்றே செய்யக்கூடியவை.

பிணைத்து முடித்த பிறகு, எல்லா இழுப்பறைகளையும் மூடிவைத்து, மேல் விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாக நன்றாக இழுத்துப் பாருங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே சிறு ஆட்டம் தெரிந்தாலும் திருகாணியைக் கழற்றிப் பிளக்கை மாற்ற வேண்டும். வெள்ளையடிக்கவோ வீடு மாறவோ அலமாரியை நகர்த்தினால், துணிகளை உள்ளே அடுக்குவதற்கு முன்பாகவே மறுபடியும் பிணைத்துவிடுங்கள். குழந்தை அடிக்கடி தங்கும் தாத்தா பாட்டி வீட்டிலும் இதே வேலையைச் செய்துகொடுங்கள்.