சுழி சரியில்லாத குதிரை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் மூமல் என்ற குதிரையை வாங்கினேன். ராஜஸ்தான் வியாபாரி வைத்த பெயர், மாற்றவில்லை. சுத்தமான மார்வாரி இனப் பெட்டை, அவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்ததே பெரிது. காரணம், முதுகில் சேணம் விழும் இடத்தில் இருந்த சுழி. “குடும்பத்துக்கு ஆகாதுங்க தம்பி” என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்றாமவர், நான் வாங்காவிட்டால் தனக்குச் சொல்லும்படி போன் நம்பரும் கொடுத்தார்.

மார்வாரிக்கு அடையாளம் காது. இரண்டு நுனியும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். ஜோத்பூர் ராத்தோர் அரசர்கள் போருக்கு வளர்த்த இனம். 1930களில் அருகிப்போனதை மகாராஜா உமேத் சிங் மீட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் நிலங்கள் போனதும் எத்தனையோ குதிரைகள் சுமை தூக்கப் போயின, காயடிக்கப்பட்டன. இப்போது வரும் கேடு வேறு மாதிரி. கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைதான் வேண்டும், சுழி சுத்தமாக வேண்டும் என்று கழித்துக்கொண்டே போனால் இனத்தில் என்னதான் மிஞ்சும்?

மூமலைச் சினைப்படுத்தப் பக்கத்து ஊரில் ஒரு பொலிகுதிரை இருந்தது. அருமையான காது. விசாரித்தால் அதற்கும் மூமலுக்கும் அப்பன் ஒன்று! சரி, வேறு வழியில்லை என்று இருநூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றைப் பிடித்தேன். அம்மா நல்ல நாள் பார்க்கச் சொன்னார். டாக்டர் ஸ்கேனில் சினைப்பையைப் பார்த்து “இன்றைக்கே” என்றார். அஷ்டமியன்று வண்டியில் ஏற்றினேன்.

16ஆம் நாள் மறுபடி ஸ்கேன். திரையில் கறுப்பு வட்டம் இரண்டு. எனக்குச் சந்தோஷம், டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. குதிரைக்கு இரட்டைச் சினை தங்காது; பல மாதம் சுமந்த பிறகு இரண்டும் போவதுதான் வழக்கம், தாய்க்கும் ஆபத்து. உள்ளே கைவிட்டு ஒன்றை நசுக்கினார். சரியாகத்தான் செய்தார். ஆனால் அடுத்த ஸ்கேனில் மற்றதும் இல்லை. ஊருக்குச் சுழியைப் பற்றிப் பேச இன்னொரு சாட்சி கிடைத்தது. பிகானேரில் 2023இல் கரு மாற்று முறையில், அதாவது ஒரு பெட்டையின் கருவை இன்னொன்றின் வயிற்றில் வைத்து, ஒரு மார்வாரிக் குட்டி பிறந்ததை டாக்டர் சொல்லித் தேற்றினார். என்னிடம் இருந்ததோ ஒரு பெட்டையும் ஒரு மாட்டுக் கொட்டகையும்.

அடுத்த வருடம் ஒற்றையாகப் பிடித்தது. பதினொரு மாதம் கொழுக்கட்டைப் புல்லும் ஊறவைத்த கொள்ளும். 338ஆம் நாள் சாயங்காலம் காம்பு நுனியில் தேன்மெழுகு மாதிரி துளி கட்டியிருந்தது. கயிற்றுக் கட்டிலைக் கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டேன்.

இரவு இரண்டே காலுக்குக் குட்டி விழுந்தது. அப்புறம் கடிகாரம்தான். ஒரு மணி நேரத்துக்குள் எழ வேண்டும், இரண்டுக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்றுக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குட்டி நாற்பது நிமிடத்தில் எழுந்து, சுவரை முட்டி, அம்மாவின் முன்னங்காலில் மடி தேடியது. நஞ்சுக்கொடி மட்டும் ஐந்து மணிக்குத்தான் விழுந்தது. டார்ச் அடித்துக்கொண்டு, ஈர வேட்டியைக் காயப்போடுகிற மாதிரி தரையில் விரித்து, எங்காவது கிழிந்து உள்ளே துண்டு நின்றுவிட்டதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

செவலைக் குட்டி, பெட்டை. காது நுனிகள் ஈரத்திலேயே வளைந்திருந்தன.

இந்த ஆடியில் அந்த மூன்றாமவர் வீட்டுக்கே வந்துவிட்டார். குட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“சுழியெல்லாம் சுத்தமுங்க. வெள்ளையா இருந்திருந்தா இப்பவே ஓட்டிட்டுப் போயிருப்பேன்.”

டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.