மிச்சிகன் சோப்ரைட்டி கோர்ட்: தம்பியோடு நாங்கள் கடந்து வந்தது

குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாவது முறை பிடிபட்டால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் என்ன நடக்கும் என்பதைத் தம்பியின் வழக்கில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். 7 ஆண்டுகளுக்குள் இரண்டு தண்டனை என்றால் லைசென்ஸ் ரத்து. சில மாதம் நிறுத்திவைத்துத் திருப்பிக் கொடுக்கிற கதையல்ல. குறைந்தது ஓராண்டு கழித்து விண்ணப்பித்து, விசாரணை அதிகாரி முன்னால் போய், குடியை விட்டுவிட்டேன் என்று ஆதாரத்தோடு நிரூபித்தால்தான் திரும்பக் கிடைக்கும். போதாததற்கு அபராதம், 5 நாளிலிருந்து ஓராண்டு வரை சிறை விதிக்க இடம், காரையும் 90 நாளுக்குக் குறையாமல் முடக்கிவைப்பார்கள்.

நாங்கள் இருப்பது டெட்ராய்டின் மேற்குப் புறநகர்ப் பக்கம். பஸ் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியாத இடம். வேலை, கடை, டாக்டர் எல்லாவற்றுக்கும் கார்தான்.

வக்கீல் சோப்ரைட்டி கோர்ட் பற்றிச் சொன்னபோது தம்பி உடனே வேண்டாம் என்றான். போதைப் பழக்கம் உள்ளவர்களைச் சிறையில் அடைப்பதற்குப் பதில் சிகிச்சையும் கண்காணிப்பும் கொடுக்க 1989-இல் மயாமியில் தொடங்கிய டிரக் கோர்ட்டின் வழியில், குடித்து ஓட்டுகிறவர்களுக்காக வந்தது இது. நீதிபதி, அரசு வக்கீல், நம் வக்கீல், புரொபேஷன் ஆபீசர் (நன்னடத்தையைக் கண்காணிக்கும் அதிகாரி), சிகிச்சை கொடுப்பவர் எல்லாரும் ஒரே குழு. ஓராண்டுக்கும் மேல் ஓடும். ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீதிபதி முன் நிற்க வேண்டும், எப்போது கூப்பிட்டாலும் போய் யூரின் டெஸ்ட் கொடுக்க வேண்டும், கவுன்சலிங், குழுக் கூட்டம். தவறினால் அந்த வாரமே சிறைக்கு அனுப்பவும் அதிகாரம் உண்டு. “அக்கா, அதுக்கு ஜெயிலுக்கே போய்ட்டு வந்துடறேன். கொஞ்ச நாள்ல முடிஞ்சுடும்” என்றான். அவன் கணக்கு தப்பென்று சொல்ல முடியாது. பலர் அப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்.

அவன் மனதை மாற்றியது என் அழுகை அல்ல, வக்கீல் அடுத்துச் சொன்ன ஒரே விஷயம். 2010-இல் கொண்டுவந்து, 2011 ஜனவரியில் சோதனை முறையில் ஆரம்பித்து, பிறகு நிரந்தரமாக்கிய சட்டம் ஒன்று இருக்கிறது. சோப்ரைட்டி கோர்ட்டில் சேர்ந்து, ஓட்டுகிற ஒவ்வொரு காரிலும் இன்டர்லாக் கருவி (மூச்சில் ஆல்கஹால் இருந்தால் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாதது) பொருத்திவிட்டால், முதல் 45 நாள் மட்டும் அறவே ஓட்டக் கூடாது. அப்புறம் குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் ஓட்ட விடுகிற ரிஸ்டிரிக்டட் லைசென்ஸ் கிடைக்கும். காரையும் முடக்க மாட்டார்கள். அன்று இரவே அவன் “சரி, சேர்றேன்” என்றான்.

லைசென்ஸுக்காகச் சேர்கிறவன் திருந்துவானா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எதற்காகச் சேர்ந்தால் என்ன? உள்ளே வந்தால்தானே சிகிச்சையே தொடங்கும்! இன்னொன்றும் உண்டு. காரில்லாமல் எங்கள் ஊரில் இந்தத் திட்டத்தையே ஒருவர் முடிக்க முடியாது. ஒருபக்கம் வாரம் முழுக்க டெஸ்டுக்கும் கவுன்சலிங்குக்கும் வா என்று சொல்லிவிட்டு, இன்னொருபக்கம் ஓட்டாதே என்றால், அவன் எப்படித்தான் போவான்? தண்டனையைத் தளர்த்திக் கெடுக்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

குழுக் கூட்டத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் பழைய கதை சொன்னார். 2003-லிருந்து இங்கே டிரைவர் ரெஸ்பான்ஸிபிலிட்டி ஃபீஸ் என்று ஒன்று இருந்தது. இந்தக் குற்றத்துக்குக் கோர்ட் அபராதம் போக ஆண்டுக்கு 1,000 டாலர், இரண்டு ஆண்டு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் இல்லாமல் வேலை போனது, வேலை இல்லாமல் கடன் ஏறியது. 2018 அக்டோபர் 1-ஆம் தேதி பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் தனக்கு மூச்சே வந்தது என்றார்.

சேர நினைக்கிற நம்மவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தம்பி சிட்டிசன், அதனால் அவனுக்குப் பயமில்லை. கிரீன் கார்டிலோ விசாவிலோ இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். திட்டம் முடிந்து வழக்கையே தள்ளுபடி செய்தாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தாலே குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளும். போதைப்பொருள் வழக்கு என்றால் நாட்டைவிட்டு அனுப்புகிற அளவுக்குப் போகலாம்.

எங்கள் வீட்டுச் சமையலறையும் மாறியது. குருமாவுக்குக் கசகசா அரைப்பதை நிறுத்தினேன். அது டெஸ்டில் மார்ஃபின் என்று காட்டிவிடும். அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட தசமூலாரிஷ்டம் அலமாரியிலிருந்து வெளியே போனது. அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்பவை, ஆல்கஹால் இருக்கும். இருமல் மருந்து, மவுத்வாஷ் எல்லாவற்றிலும் லேபிள் படித்தோம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு டெஸ்டுக்குப் போகவும் கூடாது. நீர்த்துப்போன சாம்பிளைத் தவறியதாகவே கணக்கில் வைப்பார்கள்.

இன்டர்லாக் பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. ஊதினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆல்கஹால் அளவு 0.025 தாண்டினால் ஆகாது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் திடீரென்று மறுபடி ஊதச் சொல்லும். ஒருநாள் காலை மவுத்வாஷ் போட்டுவிட்டு நான்தான் அவன் காரை எடுக்கப் போனேன், எடுக்கவில்லை. வாயை நன்றாகக் கொப்பளித்து, சில நிமிடம் கழித்து ஊதியதும் கிளம்பியது. கருவிக்கு ஊதுவது யார் என்பது தெரியாது, பதிவாவது அவன் கணக்கில். அன்றே புரொபேஷன் ஆபீசரிடம் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு நான் அந்தக் காரைத் தொடுவதில்லை. ரிஸ்டிரிக்டட் லைசென்ஸில் வேலை, கோர்ட், சிகிச்சை என்று அனுமதித்த இடங்களுக்கு மட்டும்தான் போகலாம். கோயிலுக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் நாங்கள் அழைத்துப் போனோம்.

நான் எதிர்பார்க்காதது அந்த நீதிமன்ற அறை. ஒவ்வொருவரும் நீதிபதி முன் நின்று அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு கட்டம் தாண்டினால் நீதிபதி உட்பட எல்லாரும் கை தட்டுகிறார்கள். வேலை எப்படிப் போகிறது, அக்கா வந்திருக்கிறார்களா என்று தம்பியிடம் கேட்பார். முதலில் வாயே திறக்காதவன், பின்னாளில் புதிதாக வந்த பையன் ஒருவனுக்கு, விடாமல் வா, லைசென்ஸ் கிடைத்ததும் கொஞ்சம் சுலபமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதேன்.

கிராஜுவேஷன், அதாவது திட்டத்தின் நிறைவு, முடிந்தால் முழு லைசென்ஸ் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நீதிபதி முடித்ததாகத் தெரிவிக்க வேண்டும், ரத்துக் காலமும் தீர வேண்டும். அதற்குப் பின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் (இங்கே லைசென்ஸ் கொடுக்கிற மாநில அலுவலகம்) விசாரணைக்கு மதிப்பீட்டு அறிக்கை, டெஸ்ட் அறிக்கை, தெரிந்தவர்களின் கடிதங்கள் எல்லாம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். கடிதங்களை முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அவன் குடித்த காலம், நிறுத்தியது எப்போது என்ற விவரம் ஒரு கடிதத்துக்கும் இன்னொன்றுக்கும் முரண்படக் கூடாது, அதிகாரி அதைத்தான் நோண்டுவார். உத்தரவு கைக்கு வரும்வரை இன்டர்லாக்கைக் கழற்றவும் கூடாது. தம்பியின் விண்ணப்பம் போய்விட்டது, விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறோம்.