கேட்காத தளபதி: மார்ஷல் வாசிப்புக் குறிப்புகள்

மே 22

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதிகள் என்றால் நம் ஊரில் ஐசனோவர், பேட்டன், மெக்கார்தர் பெயர்களைச் சொல்வார்கள். நான் இப்போது படித்துக்கொண்டிருப்பது அந்தப் போரில் களத்தில் ஒரு படையைக்கூட நடத்தாத ஜார்ஜ் மார்ஷலைப் பற்றி. 1939 செப்டம்பர் 1, ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், வாஷிங்டனில் தரைப்படைத் தலைமைத் தளபதியாகப் பதவியேற்றார். அன்று அந்தப் படையில் 2 லட்சம் பேர்கூட இல்லை. 1945-இல் விமானப் பிரிவையும் சேர்த்து 80 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கும் துப்பாக்கி, பூட்ஸ், கப்பல், பயிற்சி, தலைமை தாங்க ஆள் என்று எல்லாவற்றையும் மேஜையில் உட்கார்ந்தே ஏற்பாடு செய்த மனிதர். இவரைப் பற்றித் தமிழில் இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

மே 23

1917 அக்டோபர், பிரான்ஸ். முதலாம் டிவிஷனைப் பார்வையிட வந்த பெர்ஷிங் (முதல் உலகப் போரில் பிரான்ஸிலிருந்த அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி), அதன் தளபதியை அவருடைய அதிகாரிகள் முன்னாலேயே கடுமையாகத் திட்டிவிட்டார். அங்கே நின்ற மார்ஷல் இளநிலை அதிகாரி. விளக்கம் சொல்லப் போனார். பெர்ஷிங் காதில் வாங்காமல் நகர்ந்தார். மார்ஷல் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, டிவிஷனின் நிலைமையையும் தலைமையகத்தின் குறைகளையும் கொட்டித் தீர்த்துவிட்டார். இதோடு இவன் கதை முடிந்தது என்றே நண்பர்கள் நினைத்தார்கள். ஆனால் பெர்ஷிங் அதன் பிறகு அங்கே வரும்போதெல்லாம் மார்ஷலைத் தனியே அழைத்து நிலவரம் கேட்க ஆரம்பித்தார். போர் முடிந்ததும் தன் உதவியாளராகவே வைத்துக்கொண்டார்.

இதே குணம் 1938 நவம்பரில் வெள்ளை மாளிகையிலும் தெரிகிறது. அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 10,000 விமானங்கள் வேண்டும். விமானத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டாமா, தரைப்படை வேண்டாமா என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. சுற்றி இருந்தவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "நான் சொல்வது சரிதானே, ஜார்ஜ்?" என்கிற மாதிரி மார்ஷலிடம் திரும்பினார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை என்றார் மார்ஷல். பெயர் சொல்லி அழைத்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்த மற்றவர்கள், இனி வாஷிங்டனில் இவருக்கு இடமில்லை என்று நினைத்து விடைபெற்றுப் போனார்களாம்.

அடுத்த ஆண்டு ரூஸ்வெல்ட் முப்பதுக்கும் மேற்பட்ட மூத்த தளபதிகளைத் தாண்டி இவரைத்தான் தேர்ந்தெடுத்தார். நினைப்பதை அப்படியே சொல்வேன், அது பல நேரம் உங்களுக்குப் பிடிக்காது, சம்மதமா என்று கேட்டுக்கொண்டுதான் மார்ஷல் பொறுப்பேற்றார். அதிபரின் ஹைட் பார்க் வீட்டுக்கு அவர் விருந்தாளியாகப் போனதே இல்லை. முதல்முறை போனது 1945 ஏப்ரலில், ரூஸ்வெல்ட்டின் அடக்கத்துக்கு.

ஆமாம் போட்டே மேலே போனவர்களை அலுவலகத்தில் பார்த்துப் பழகிய எனக்கு, மார்ஷலைவிடவும் அந்த இரண்டு மேலதிகாரிகள்தான் ஆச்சரியம்.

மே 26

இன்று கொஞ்சம்தான் படிக்க முடிந்தது. 1941 ஆகஸ்ட் 12: கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்த இளைஞர்களை ஓராண்டுக்குப் பிறகும் படையில் வைத்திருக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று தப்பியது. முகாம் சுவர்களில், அக்டோபரில் ஓடிவிடுவோம் என்று வீரர்கள் எழுதி வைத்திருந்த நேரம். மார்ஷல் நாடாளுமன்றக் குழுக்களின் முன்னால் உட்கார்ந்து பொறுமையாக வாதாடினார். பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்க நான்கு மாதங்கூட இல்லை. ஒரு வாக்கு மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

மே 29

1944-இல் இதே தேதியில் ஆலன் பிரவுன் இத்தாலியில், ரோமுக்குப் போகும் வழியில், வெல்லெத்ரி அருகே குண்டடிபட்டு இறந்தார். டாங்கிப் படை அதிகாரி. மார்ஷலுடைய மனைவி கேத்ரினின் முதல் திருமணத்துப் பிள்ளை. அம்மாவின் மறுமணப் பேச்சு வந்தபோது ஆலன் சிறுவன். பயப்படாமல் வாருங்கள், எனக்குச் சம்மதம் என்று மார்ஷலுக்குக் கடிதம் போட்டவன்.

செய்தி வந்ததும் மார்ஷல் வீட்டுக்குப் போய் கேத்ரினிடம் தானே சொன்னார். பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கும் தாக்குதலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஜூனில் நார்மண்டியைப் பார்த்துவிட்டு இத்தாலிக்குப் போய் ஆன்சியோவில் பையனின் கல்லறை முன் நின்றார்.

இறந்தவர், காயம்பட்டவர் கணக்கை வண்ணப் படங்களாக வரையச் செய்து ரூஸ்வெல்ட்டின் பார்வைக்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். எண்கள் பழகிப்போனால் மனசு மரத்துவிடும் என்று பயந்தார். அந்தக் கணக்கில் தன் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்த பிறகும் அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை. இதற்கு மேல் படிக்க இன்று முடியவில்லை.

ஜூன் 6

1944-இல் இதே நாளில் நார்மண்டியில் இறங்கிய படைக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டியவர் மார்ஷல் என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சனுக்கும் அதுவே விருப்பம். 1943 டிசம்பரில் கெய்ரோவில் ரூஸ்வெல்ட் முதலில் தன் நெருங்கிய ஆலோசகர் ஹாப்கின்ஸை அனுப்பி மார்ஷலின் மனதை அறியப் பார்த்தார், மறுநாள் நேரிலேயே கேட்டார். நாட்டுக்கு எது நல்லதோ அதை முடிவு செய்யுங்கள், என் விருப்பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்பதுதான் பதில். நீங்கள் வாஷிங்டனில் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றார் ரூஸ்வெல்ட். ஐசனோவருக்குப் போனது அந்தப் பதவி.

வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். ராணுவத்தில் காலம் முழுக்க உழைத்தவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்க முடியும்? ஐசனோவரின் நியமனத்தை ஸ்டாலினுக்குத் தெரிவிக்கும் குறிப்பை மார்ஷலே தன் கையால் எழுதினார், ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அப்புறம் அந்தத் தாளை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மார்ஷல் ஐசனோவருக்கே அனுப்பிவிட்டார்.

ஜூன் 9

இதையும் எழுதியாக வேண்டும். மார்ஷல் கட்டிய படை கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து வைத்த படை. நாட்டின் நீண்டகாலச் சமூகச் சிக்கலை ராணுவம் தீர்க்க முடியாது என்று 1941 டிசம்பரில் அவர் எழுதினார். போருக்குத் தயாராகும் அவசரத்தில் சொன்னது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. அதிபரின் முகத்துக்கு நேரே மறுப்புச் சொன்னவரால், தன் கீழே இருந்த ஏற்பாட்டுக்கு ஏன் மறுப்புச் சொல்ல முடியவில்லை?

அந்த மறுப்பைச் சொன்னவர் வில்லியம் ஹேஸ்டி. போர்த்துறை அமைச்சரின் ஆலோசகராக இருந்த கறுப்பின வழக்கறிஞர். உள்ளே இருந்து போராடிப் பார்த்துவிட்டு, பாகுபாட்டைக் கண்டித்து 1943 ஜனவரியில் ராஜினாமா செய்தார். படையில் இனப் பிரிவினையை ஒழிக்க அதிபர் ட்ரூமனின் ஆணை 1948 ஜூலையில்தான் வந்தது. ஹேஸ்டியும் அந்தப் போரில் தன் நாட்டுக்குச் சேவை செய்தவர்தான். அடுத்து அவரைப் பற்றித்தான் படிக்கப்போகிறேன்.