அரம் படாத இரும்பு

பட்டறையில் நான் சேர்ந்து இரண்டாவது வருடம். மேஜை மேல் இரண்டு பழைய பிஸ்டல்கள் கிடந்தன. இரண்டுமே 1911 மாடல், .45 தோட்டா போடுகிறவை. இலக்குச் சுடும் போட்டிக்காகத் தன் கைக்கு ஏற்றபடி ஒன்றைச் செய்து தரச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். இரண்டில் எதை எடுத்து வேலையை ஆரம்பிக்கலாம் என்று மாஸ்டர் என்னையே முடிவு செய்யச் சொன்னார்.

ஒன்று கருநீல மெருகு குலையாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. இன்னொன்று வருடக்கணக்கில் உறையில் உரசி ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. குலுக்கினால் கலகலவென்று சத்தம் வேறு. நான் யோசிக்கவே இல்லை. பளபளப்பானதை எடுத்து நீட்டினேன்.

"கழற்றிப் பாரு தம்பி" என்றார் மாஸ்டர்.

தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை உருவினேன். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறைக்குள் எட்டிப் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுத் தடவினேன். காலி என்று கொடுத்தவர் சொல்லியிருந்தாலும், ஐந்து நிமிடம் முன்னால் நானே பார்த்திருந்தாலும் இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. அப்புறம் ஸ்லைடைக் கழற்றி, பிடியோடு சேர்ந்த அடிச்சட்டமான பிரேமை விளக்கடியில் திருப்பினேன். தோட்டா மேகசினிலிருந்து மேலேறுவதற்கு பிரேமில் ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவு வெள்ளி மாதிரி மின்னியது. அதையும் நல்ல அறிகுறி என்றுதான் நினைத்தேன்.

மாஸ்டர் குண்டு பாயும் குழாயான பேரலை மட்டும் எடுத்து பிரேமில் வைத்து, பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக் காட்டினார். பேரலின் அடியிலும் ஒரு சின்னச் சரிவு உண்டு. இரண்டு சரிவுகளும் ஒரே வழுக்கலாகச் சேர்ந்துவிடக் கூடாது. பேரலின் சரிவு பிரேமின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிமீட்டர் அளவு, முன்னே தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஏறி வரும் தோட்டாவின் மூக்கு பேரலின் உதட்டில் முட்டி நின்றுவிடும். பழைய உரிமையாளர் தோட்டா சரியாக ஏறவில்லை என்று சுழலும் மெருகுக் கருவியை வைத்துத் தேய்த்திருக்கிறார். சரிவின் கோணம் மாறிவிட்டது, மேல் விளிம்பு மழுங்கிவிட்டது. எந்த இடத்தில் இரும்பு வேண்டுமோ அந்த இடத்தில் இரும்பு இல்லை.

சரிசெய்ய வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெல்டிங் வைத்து நிரப்பலாம். அந்த இடத்தையே வெட்டிவிட்டு, சரிவு சேர்ந்தே வரும் வகை பேரல் போடலாம். ஆனால் அது புது வேலை இல்லை, இன்னொருவர் செய்த தப்பை அழிக்கிற வேலை. அதில் போகும் நேரத்தில் பாதி பிஸ்டலே முடிந்துவிடும்.

அன்றிலிருந்து நான் பழைய பிஸ்டலைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. புதிதாகச் செய்யப் போகும் பிஸ்டலின் அடிப்படைக்கு என்று ஒன்றைத் தேடும்போது வாங்குவது பிரேமும் ஸ்லைடும்தான். பேரல், அதன் முனையைத் தாங்கும் புஷிங், சுடும் ஊசியை அடிக்கும் ஹேமர், ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர், ஸ்பிரிங்குகள், குறிபார்க்கும் சைட், சேஃப்டி எல்லாமே எப்படியும் மாறப் போகின்றன. அவற்றின் தேய்மானத்தைப் பார்த்துக் கவலைப்படுவது இடிக்கப் போகும் சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி. ட்ரிகர் இழுவை லேசாக இருக்கட்டும் என்று யாரோ சியரைக் கல்லில் தேய்த்து, ஸ்லைடை விட்டதும் ஹேமர் கூடவே விழுந்து வரும் பிஸ்டல்கள் நிறைய வரும். அந்த நிலையில் சுடவே கூடாது, ஆபத்து. ஆனால் அந்த இரண்டு பாகங்களையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டால் தீர்ந்தது. அவை உட்காரும் அச்சு ஊசிகளின் துளைகள் பிரேமில் நீள்வட்டமாகியிருந்தால்தான் பிரச்சினை. அப்புறம் எவ்வளவு நல்ல ஹேமர் வாங்கிப் போட்டாலும் ட்ரிகர் இழுவை ஒரே மாதிரி நிற்காது.

அன்று நான் ஒதுக்கிய அசிங்கமான பிஸ்டலுக்கு வருகிறேன். கலகலச் சத்தத்தில் ஒரு பங்கு பேரலுக்கும் புஷிங்குக்கும் நடுவில், அவை போகப் போகிறவை. மீதி ஸ்லைடுக்கும் பிரேமுக்கும் நடுவில். அதைப் பக்குவமாகத் தட்டி இறுக்கி, தேய்த்துப் பொருத்திவிடலாம். மாஸ்டர் ஸ்லைடை மல்லாக்கப் போட்டு, பிரஷ்ஷால் கரியை எடுத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்து அடித்தார். ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டலில், சுடும் கணத்தில் பேரலின் முதுகில் உள்ள மேடுகள் ஸ்லைடின் உட்கூரையில் வெட்டிய பள்ளங்களில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். குண்டு வெளியேறியதும் அடியிலுள்ள லிங்க் என்ற சிறு இணைப்பு பேரலைக் கீழே இழுத்துப் பூட்டை அவிழ்க்கும். அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது 1911 மார்ச்சில். பூட்டும் முறை இன்றுவரை அதேதான். மேடுகள் முழுதாக ஏறாமல் பாதி பூட்டிலேயே ஆயிரக்கணக்கில் சுட்டிருந்தால் பள்ளத்தின் விளிம்பு நசுங்கி உருண்டிருக்கும். மாஸ்டர் பல் குத்தும் குச்சியின் முனையை அந்த விளிம்பில் இழுத்தார். டக்கென்று தடுத்தது. என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். மூலை கூர்மையாக, மிஷினிலிருந்து நேற்று இறக்கிய மாதிரி இருந்தது. வெளியே அவ்வளவு அடிபட்ட பிஸ்டலுக்கு உள்ளே அப்படி ஒரு மூலை!

நிறைய சுமந்தார்கள், கொஞ்சமாகச் சுட்டார்கள், யாரும் அரத்தைக் கையில் எடுக்கவில்லை. அடிப்படைக்கு இதைவிட நல்ல வரலாறு கிடையாது.

விரிசலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டதும் பலர் பயந்து ஓடுகிறார்கள். ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பிடிக்கும் ஸ்லைடு ஸ்டாப் உட்காரும் இடத்துக்கு மேலே, ஸ்லைடு ஓடும் இடது ரெயிலில் மெல்லிய பாலம் மாதிரி ஒரு துண்டு இருக்கும். அங்கே விரிசல் விடுவது பழைய பிரேம்களில் சகஜம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. இந்தப் பிஸ்டலைத் தயாரித்த கோல்ட் (Colt) நிறுவனமே பின்னாளில் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பிரேம் செய்தது. ஆனால் ஸ்லைடில், அதுவும் காலித் தோட்டா வெளியேறும் ஜன்னலின் மூலையில் முடி போல ஒரு கோடு தெரிந்தாலும் எனக்கு அது வேண்டாம். எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் வைத்தால், விரிசலாக இருந்தால் எண்ணெய் கோடாகக் கசிந்து நிற்கும்.

வரிசை எண்ணைச் சுரண்டியோ மாற்றியோ இருந்தால் அந்தப் பிஸ்டல் எங்கள் மேஜைக்கே வராது. 1983இல் கோல்ட் கொண்டுவந்த சீரிஸ் 80 வகையில், ட்ரிகரை முழுதாக இழுக்கும்வரை சுடும் ஊசியைப் பிடித்து வைக்கும் ஒரு தடுப்பு உண்டு. அதனால் இழுவை கெடுகிறது என்று சொல்லி அந்த வகையையே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுமையாகப் பொருத்தினால் அதிலும் சுத்தமான இழுவை வரும் என்பது என் அனுபவம். தடுப்பைக் கழற்றிவிடச் சொல்லி வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு வகையையும் திருப்பி அனுப்புவேன், ஆனால் வேறு காரணத்துக்காக. சில வருடங்களுக்கு முன் ஒருவர் துணியில் சுற்றி ஒரு பிஸ்டல் கொண்டுவந்தார். தாத்தாவுடையதாம். முதல் உலகப் போர்க் காலத்து ராணுவ பிஸ்டல், மெருகு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, எழுத்துகள் கூர்மையாக இருந்தன. இதில் புது சைட் வெட்டி, நல்ல பேரல் போட்டு, போட்டிக்குத் தயார் செய்து தர முடியுமா என்று கேட்டார். அந்தக் காலத்து ஸ்லைடுகளுக்கு இன்று கொடுப்பது போல சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முழுப் பதம் கொடுத்திருக்க மாட்டார்கள், இரும்பு மென்மை, தொடர்ந்து சுட்டால் விரிசல் விடும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் முகம் வாடிவிட்டது. தாத்தாவின் பொருளைத் தானும் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை அது, அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

அன்று முழுக்க அந்தப் பிஸ்டலோடுதான் இருந்தேன். கழற்றிச் சுத்தம் செய்து, காய்ந்து பிசினாகியிருந்த எண்ணெயை எடுத்து, புது எண்ணெய் பூசினேன். அரத்தைத் தொடவில்லை. மாலை அவர் வந்தபோது அலமாரியிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தேன்: மெருகு போனது, பிடிப்பலகை உடைந்தது, குலுக்கினால் சத்தம் போடுவது. அவர் அதையும் தாத்தாவின் பிஸ்டலையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்லைடைக் கழற்றி மல்லாக்கப் போட்டு, டார்ச்சையும் குச்சியையும் அவர் கையில் கொடுத்தேன்.