சொரசொர எண்டா என்ன மாமா?

கனடாவில இருந்து அக்கா குடும்பம் லீவுக்கு வந்து நிக்கினம். மருமகளுக்கு ஒன்பது வயசு, தமிழ் வடிவாக் கதைப்பாள், ஆனா ஒரு சொல்லு பிடிபடேல்லை எண்டா விடமாட்டாள். முந்தநாள் கிணத்தடியில சறுக்கி விழுந்து முழங்கால் உரஞ்சுப்பட்டுப் போச்சு, அம்மா மருந்து பூசேக்க "சீமெந்து சொரசொரப்பாக் கிடக்கு, பாத்து நட பிள்ளை" எண்டு சொன்னாதான் தாமதம், "சொரசொர எண்டா என்ன மாமா?"

அக்கா உடன "ரஃப்" எண்டு முடிச்சுப்போட்டா. எனக்கெண்டா அது காணாது. ரஃப் எண்டா ரோட்டும் ரஃப், ஆளும் ரஃப், கணக்குச் செய்து பாக்கிற கொப்பியும் ரஃப். நாங்கள் ஆளை முரடன் எண்டுவம், ரோட்டைக் குண்டும் குழியும் எண்டுவம், சொரசொர எண்டு சொல்லக் கை வைச்சுத் தடவோணும். தூரத்தில நிண்டு சொன்னாலும் மனசுக்குள்ள ஒருக்காத் தடவிப்போட்டுத்தான் சொல்லுறம்.

சரி வா எண்டு வளவுக்குள்ள கூட்டிக்கொண்டு போனன். முருகைக்கல் மதில், சொரசொர. பூனை நக்கினா அதின்ர நாக்கு, சொரசொர. ரண்டு நாளா வழிக்காத என்ர தாடி, அதுவும்தான் (அதில அவவுக்கு ஒரே சிரிப்பு). கருக்குமட்டையக் காட்டி இதுவும் சொரசொரவோ எண்டாள், இல்லையம்மா அது கையை அறுக்கும், சொரசொர உரஞ்சும், அறுக்காது. தொண்டை கட்டினா கரகர, சோத்தில மண் கடிபட்டா நறநற, எல்லாத்துக்கும் வேற வேற.

"அப்ப 'சொர' எண்டு ஒருக்கா மட்டும் சொல்லலாமோ?"

நல்ல கேள்வி. ஏலாது, அது இரட்டைக்கிளவி, பிரிச்சா அர்த்தம் போயிடும், தொல்காப்பியத்திலயே இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா எண்டு கிடக்கு. எங்கட நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதின நன்னூலில ஊறு எட்டு எண்டு வரும், தொட்டு அறியிற குணம் எட்டாம். அந்த எட்டில ஒண்டு சருச்சரை, அதுதான் எங்கட சொரசொர. அதுக்கு எதிர் இழுமெனல். சருச்சரை எண்டு வாயால சொல்லிப் பாருங்கோ, நாக்கே உரஞ்சுப்படும். எனக்கு அந்தச் சொல்லில ஒரு தனி விருப்பம், ஆனா கிணத்தடியில நிண்டு சருச்சரையாக் கிடக்கு எண்டு சொன்னா அம்மா என்னை ஒரு மாதிரிப் பாப்பா.

கடைசியா குசினிக்குப் பின்னால கிடந்த அம்மியில கை வைச்சாள். "மாமா, இது சொரசொர இல்லை, வழுவழு."

உள்ளுக்க இருந்து அம்மான்ர சத்தம். "அதுதான் சம்பல் அரைபடுதில்லை, அம்மி கொத்துற ஆளைக் கூட்டிக்கொண்டு வா எண்டு எத்தினை மாசமாச் சொல்லுறன், மாமா சொல்லுக்கு அர்த்தம் பாத்துக்கொண்டு நிக்கிறார்."